ரோம் தோற்ற இடத்தில் நிறுத்தலாமா?

போன செவ்வாய்க்கிழமை காலை, கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்பில் எதிர்வீட்டு அலமேலு மாமி என்னைப் பிடித்துக்கொண்டார். குரல் சுத்தமாகக் கட்டிப் போயிருந்தது.

"என்ன புஸ்தகம் குடுத்தேள் நீங்க? தோல்வி, தோல்வி, மறுபடியும் தோல்வி! என் தொண்டை போயாச்சு, கேட்டேளா?"

தோற்றது ரோமாபுரி. தொண்டை போனது மாமிக்கு. என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

மாமிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. கணவர் ராமநாதன் செக்ரடேரியட்டில் இருந்தார். இந்தக் கோடையில் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நல்லவேளை, பேச்சு திரும்பிவிட்டது. பயிற்சி செய்தால் நடக்கலாம் என்கிறார் டாக்டர். ஆனால் மனிதர் கட்டிலை விட்டு இறங்கினால்தானே? "நடந்து எங்க போகப்போறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மாமி கெஞ்சாத நாள் இல்லை.

"அவருக்கு சரித்திரம்னா உயிராக்கும். நல்ல யுத்தமா ஒரு புஸ்தகம் பாத்துக் குடுங்கோ, நான் வாசிச்சுக் காட்டறேன்" என்று என்னிடம் வந்தார்.

வாசகர்கள் நீங்களும் அடிக்கடி எழுதிக் கேட்பதுதான் — ரோமாபுரி பற்றி எதைப் படிக்கலாம்? சக்கரவர்த்திகளில் ஆரம்பிக்காதீர்கள். விஷம், சூழ்ச்சி, விருந்து... பத்துப் பக்கத்தில் அலுத்துவிடும். லைப்ரரியில் கார்த்தேஜ் யுத்தங்களைச் சொல்லும் தடிமனான புத்தகமாகப் பார்த்து எடுங்கள். உள்ளே மேப் இல்லையா? திருப்பி வைத்துவிடுங்கள். மேப் இல்லாத யுத்தம் தலையும் புரியாது, வாலும் புரியாது. அடுத்ததாக, படைவீரர்கள் நாளெல்லாம் நடந்துவிட்டு, சாயங்காலம் அகழி வெட்டிப் பாசறை போட்ட கதை. வாளைவிட மண்வெட்டியால் ஜெயித்த கூட்டம் அது! சக்கரவர்த்திகள் கடைசியில் வரட்டும்.

முதல் ரகத்தைத்தான் மாமிக்குக் கொடுத்தேன். ஒரு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

நாங்கள் இருக்கும் ஸ்ரீவராகம் பகுதி வீடுகளில் ராமாயணம் வாசிக்க ஒரு முறை உண்டு. சங்கடமான இடத்தில் புத்தகத்தை மூடக்கூடாது. நல்ல கட்டம் வரும்வரை வாசித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மாமிக்கு எந்தப் புத்தகமானாலும் அதே சட்டம்தான். அதுவும் வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது, தோல்வியில் நிறுத்துவாரா?

ஆனால் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்த கார்த்தேஜ் தளபதியின் கதையில், ரோமுக்கு நல்ல கட்டத்துக்கு எங்கே போவது? ஆற்றங்கரையில் உதை. ஏரிக்கரை மூடுபனியில் உதை. பகலெல்லாம் ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்த தொண்டையோடு மாமி வாசிக்கிறார்... வாசிக்கிறார்... வாசித்துக்கொண்டே இருக்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே, மாற்றிக் கொடுக்கப் பாசறைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். மாமி கன்னே யுத்தத்தில் இருந்தார். எல்லாவற்றிலும் பெரிய தோல்வி. ரோமானியப் படையை நாலு பக்கமும் வளைத்தாயிற்று. மாமிக்கு இருமல் வேறு.

"இன்னும் ரெண்டு பக்கம்தான் மாமி. தோத்து வந்த ரோமானியத் தளபதியை ஊரே எதிர்கொண்டு, நம்பிக்கையை விடாம வந்தியேன்னு நன்றி சொல்ற எடம் வந்துடும்" என்றேன்.

மாமி பக்கத்தைப் புரட்டப் போனார்.

"மதி அலமேலு, போறும்" என்றார் ராமநாதன். "இன்னிக்கு இவ்வளவுதான். மூடி வை."

"தோத்த எடத்துலயா? வேண்டாமே, நன்னாருக்காது."

"தோத்தா என்ன? ஒரே நாள்ல ஜெயிக்கணுமா? நாளைக்குப் படிச்சுக்கலாம், தொண்டைக்கு ரெஸ்ட் குடு." இடது கையை நீட்டினார். "இப்ப வந்து என்னைப் பிடிச்சுக்கோ. கூடம் வரைக்கும் நடந்து பாக்கறேன்."

மாமி என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். பிறகு சட்டென்று மூடிக் கட்டிலில் போட்டுவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். கூடம் வரை போகவில்லை. நிலைப்படி வரைதான். அங்கே இருவருமாக நின்று மூச்சு வாங்கினார்கள். மாமி அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கியது, சொல்ல என்ன வெட்கம்?

தோல்வியில் புத்தகத்தை மூடினால் தோஷமா என்று இனி யாராவது கேட்டால், என்னிடம் பதில் இருக்கிறது — மறுநாள் திறக்கப் போகிறவர்களுக்கு இல்லை!