ஐந்நூறு அடியில் பிளஸ்ஸி

ராஜகீழ்ப்பாக்கம் பிளஸ்ஸி துணை விமானி. அவள் விசிலடித்தால் விமானம் நின்று திரும்பிப் பார்க்கும் என்று எங்கள் தெருவில் அளப்போம். 2006இல் ஒரு நாள், அப்பா இறந்த செய்தி கோவையில் அவளுக்குக் கிடைத்தது. மாலையே அடக்கம். சீக்கிரம் சென்னை வர அவள் ஓட்டும் விமானத்தை விட்டால் வேறில்லை. அழுகை வரவில்லை. ஏறி உட்கார்ந்தாள்.

சென்னையில் வானம் தெளிவு. ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தே இறங்க அனுமதி கிடைத்ததும், கேப்டன் ஷாகுல் அவளுக்காக, இறங்குமுன் வானில் போடும் சுற்றைக் குறுக்கினார். ஐந்நூறு அடிக்கு வருவதற்குள் சக்கரமும் இறக்கையின் ஃபிளாப்பும் முழுதாக இறங்கி, வேகமும் அடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி மேலே ஏறியாக வேண்டும். வேகம் அடங்கவில்லை.

"ஸ்பீடு ஜாஸ்தி. கோ அரவுண்ட், சார்," என்றாள் பிளஸ்ஸி.

"அப்பா முகத்தைப் பாக்க வேணாமாம்மா? எறக்கிடலாம்."

"கோ அரவுண்ட், சார்."

ஏறினார். மறுபடி இறங்க வரிசையில் காத்திருந்தார்கள்.

தாம்பரம் கல்லறைத் தோட்டத்துக்கு அவள் வந்தபோது பெட்டி குழிக்குள் இறங்கியிருந்தது.

"ஊரையே பறக்க வெக்கிறவ, நீயே லேட்டாடி?" என்றாள் அத்தை ஞானஜோதி.

"ஆமா அத்தை."

பிளஸ்ஸி ஒரு பிடி மண் அள்ளிப் போட்டாள். மண் ஈரமா, காய்ந்ததா என்றுகூடக் கைக்குத் தெரியவில்லை.