ராகு காலம் முடிந்து அரை மணி நேரம்

என்னைப் பெண் பார்த்தது பர்மாவின் லைங் தாயா தொழிற்பேட்டையில், நான் வேலை செய்யும் தையல் ஃபாக்டரியின் வாசலில். வேறு வழியில்லை. அந்த மாதம் கப்பலுக்குச் சரக்கு போகவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்திருந்தார்கள். ஜோசியரோ வெள்ளிக்கிழமைதான் நல்லது, ஆனால் பன்னிரண்டு மணி வரை ராகு காலம் என்றார். எங்கள் சாப்பாட்டு மணியும் பன்னிரண்டுக்குத்தான் அடிக்கும். அரை மணி நேரம் இடைவேளை. க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் வெங்காயக் கடை வைத்திருக்கும் என் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "சாமியா பாத்துக் குடுத்த நேரம்மா" என்றார்.

மாப்பிள்ளைக்கு மாவ்பியில் நெல் வயல். அவரும் அவர் அம்மாவும் மட்டும் வருவதாகப் பேச்சு. பட்டுப்புடவையில் எடுத்த என் படத்தை முன்பே அனுப்பியிருந்தோம். அதுதான் வினையாகிவிட்டது. மணி அடித்ததும் வெளியே கொட்டிய பெண்கள் எல்லோருக்கும் தலையில் ஒரே மஞ்சள் துணி, முகத்தில் மாஸ்க். அடையாளம் காட்டவேண்டிய அப்பா, வந்தவர்களுக்கு டீ சொல்ல எதிர்க்கடைக்குப் போயிருந்தார். நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். அந்த வாரம்தான் என்னை ஒரு வரிசைத் தையல் மெஷினுக்கு லைன் லீடர் ஆக்கியிருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து என் லைனில் ஜிப்பையெல்லாம் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார்கள். பிரிக்கச் சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்த்து முடித்துவிட்டார். தன்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்த உயரமான பெண்தான் நான் என்று நினைத்து, கொண்டுவந்த மல்லிகைச் சரத்தை அவள் தலைத்துணிமேலேயே சுற்றிவிட்டார். அவள் மாஸ்க்கைக் கழற்றினாள். போன வருஷம் வரை அவருடைய வயலில் நாற்று நட்ட பர்மியப் பெண்!

அந்தம்மா என்னை மறந்தேபோனார். ஏன் இந்த வருஷம் வரவில்லை, நாற்றங்காலில் பாதி நாற்று நடாமலே பழுத்துப்போனது தெரியுமா என்று பர்மியில் பிடித்துக்கொண்டார். இங்கே ஃபேன் இருக்கிறது, அட்டைப்பூச்சி கிடையாது என்று அவள் பணிவாகவே சொன்னாள். அவளுக்குப் பின்னால் அதே ஊர்ப் பெண்கள் இன்னும் மூன்று பேர் வந்து கும்பிட்டார்கள். எனக்கென்று கொண்டுவந்த லட்டு அவர்களிடையே தீர்ந்தது.

அப்பா டீயோடு வந்து என்னை முன்னால் தள்ளினார். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாத்து நடுவியாம்மா?"

"இல்லீங்க அத்தே. கோட்டுக்குக் கை வச்சுத் தைப்பேன்."

"கோட்டா? இந்த வெயில்ல யாரு போடுறது?"

பனி பெய்கிற ஊர்களுக்குப் போகிறது என்று விளக்கினேன். அந்த ஊர்க்காரர்களுக்காக அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

 மாப்பிள்ளைக்குத் தமிழ் புரியும், பேச வராது என்று சொல்லியிருந்தார்கள். என்னைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். உள்ளே ஆம்பிளைகளையும் எடுப்பார்களா என்று பர்மியில் கேட்டார். அயர்ன் போடும் பிரிவில் எடுப்பார்கள் என்றேன். மணி அடித்துவிட்டது. சாப்பிடாமலே உள்ளே போனேன். வேலை தேடி வந்தவனைப் போய் மாப்பிள்ளை என்றார்களே என்று சாயங்காலம்வரை லைனில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன்.

மூன்றாவது வாரம் அயர்ன் பிரிவில் பச்சைத் தலைத்துணியோடு ஒரு புதுமுகம். அவரேதான். இடைவேளையில் என்னிடம் வந்து, தயங்கித் தயங்கித் தமிழில் பேசினார்.

"வயலுக்குப் போகல்லேன்னு சொன்னேன். அம்மா ரெண்டு நாள் பேசல்லே. அப்புறம், போனா நாம பாத்த அந்தப் பொண்ணு இருக்கிற எடத்துக்கே போ, அது உன்ன மேய்க்கும்னு சொன்னிச்சு."

அதுதான் சம்மதம் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கப்பல் சரக்கு இல்லாத மாதமாகப் பார்த்துக் கல்யாணம் நடந்தது. என் லைன் முழுக்க, ஃபாக்டரிக்கு ஆள் ஏற்றிவரும் ஃபெரி பஸ்ஸில் வந்து இறங்கியது. அத்தை வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டுக் கொல்லையில் கத்தரியும் வெண்டையும் போட்டார். இப்போது வாரம் இரண்டு சாயங்காலம் ஃபாக்டரி வாசலில் கூடை விரிக்கிறார். நாற்று நட்ட அந்தப் பெண்களே வந்து காய் கேட்கிறார்கள், முற்றல் என்று குறை சொல்கிறார்கள். அவரும் சளைக்காமல் திருப்பிச் சொல்கிறார். போன வாரம் நான் கூட்டத்துக்குள் கையை நீட்டி ஒரு கட்டு வெண்டைக்காய் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "லைன்ல வாம்மா" என்றார்.