மூன்று பலகையில் ஓர் எருமை

பூமாரியின் கண்ணைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பௌர்ணமி நிலவை அண்ணாந்து பார்த்துவிட்டு, இடது ஓரத்தில் ஓர் இழை விட்டுப்போயிருக்கிறது என்று சொன்னாளாம். அதைக் கிளப்பிவிட்டது நான்தான். ஆனாலும் கேட்டவர்களில் ஒருவர்கூட இதுவரை சந்தேகப்படவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை அது. தறியிலிருந்து இறங்கி வரும் சேலைகளை நீள மேசையில் விரித்து, அறுந்த இழை, எண்ணெய்க் கறை, பூ விலகின இடம், கரை கோணின இடம் என்று ஒவ்வொன்றுக்கும் சாக்கட்டியால் வட்டம் போட்டுத் தள்ளுவாள். முதலாளியே தன் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டுதான் அந்த மேசைப் பக்கம் போவார்.

அப்படிப்பட்டவள் போன சித்திரையில் மகள் அனுவைப் பார்க்க பெங்களூருக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அனு அவளை ஓர் ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அங்கே ஒரு பெண் ஓவியர் துணியிலோ காகிதத்திலோ வரையாமல் ஸ்கேட்போர்டுப் பலகைகளில் வரைந்து வைத்திருந்தார். பிள்ளைகள் ஏறி நின்று சாலையில் உருட்டிக்கொண்டு போகிற அதே பலகைதான், சக்கரம் மட்டும் கிடையாது. மூன்று பலகைகளை நெட்டுக்குத்தாகப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். மூன்றும் சேர்ந்து ஒரே எருமை. முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. முதல் பலகையில் வாலும் பின்புறமும், நடுப்பலகையில் முதுகும் அதன் மேல் ஒரு வெள்ளைக் கொக்கும், கடைசிப் பலகையில் கொம்பும் முகமும்.

பூமாரி வழக்கம்போல் குறை தேடத் தொடங்கினாள். மேலிருந்து கீழே வந்தாள். கரையிலிருந்து கரைக்குப் போனாள். குனிந்து பார்த்தாள், பக்கவாட்டில் நின்று வெளிச்சத்தில் பார்த்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. அனு இரண்டு தடவை காப்பி குடித்துவிட்டு வந்தாள்.

"ஏட்டி, கறுப்புக்குள்ள ஏழு கறுப்பு வச்சிருக்கா" என்றாள் பூமாரி. "இத்தனை வருசத்துல கொறை சொல்ல முடியாத ஒண்ணை இப்பந்தான் பாக்கேன். இதை விட்டுட்டு நான் ஊருக்கு வர மாட்டேன்."

விட்டுவிட்டு வரவும் இல்லை. ஒவ்வொரு பலகையையும் ஒவ்வொரு பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். வரும் வழியில் கண்டக்டர் எருமைக்கு லக்கேஜ் கேட்டதாகவும், இவள் கொக்குக்கு அரை டிக்கெட் உண்டா என்று திருப்பிக் கேட்டதாகவும் நான் தெருவில் சொல்லி வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் சுவர் பிரச்சினை. பூமாரியின் வீடு முன்பு ஒரே பெரிய வீடாக இருந்தது. மாமனார் இறந்ததும் மகன்கள் இரண்டு பேரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவர் ராஜதுரை, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளையவர் செல்லப்பா, பூமாரியின் கணவர், தறிகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். கூடத்தின் நடுவில் நாலரை அங்குலத்தில் ஒரு சுவரை எழுப்பி, அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி என்று ஆனது. அது பொதுச்சுவர். ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் அதில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. ராஜதுரை கேட்டு எழுதவைத்த வரி.

பூமாரியின் கூடத்தில் மற்ற சுவர்களைப் பார்த்தால் ஒன்றில் வாசல், ஒன்றில் பீரோவும் சாமி அலமாரியும், இன்னொன்றில் அடுப்படிக் கதவு. முழுசாக வெறுமையாக இருப்பது பொதுச்சுவர் மட்டுமே. எருமை நிற்பதானால் அங்கேதான் நிற்க வேண்டும்.

ராஜதுரை தம்பி மனைவியிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. கோபம் ஒன்றும் இல்லை, அந்தக் குடும்பத்தில் அது வழக்கம். சொல்ல வேண்டியதைத் தம்பி முகத்தைப் பார்த்துச் சொல்வார். பூமாரியும் பதிலைக் கணவனிடமே சொல்வாள். செல்லப்பா இரண்டு பேருக்கும் நடுவில் தபால்பெட்டி மாதிரி நிற்பார். தபால்பெட்டியாவது எப்போதாவது கடகடக்கும்.

சம்மதம் கேட்கப் போனபோது ராஜதுரை முதலில் காரை பெயரும் என்றார், பிறகு பத்திரத்தைச் சொன்னார். கடைசியில்தான் உள்ளதை எடுத்து வெளியே வைத்தார்.

"ஏலே செல்லப்பா, அந்தச் சுவர்ல எங்க பக்கம் அப்பா படம் மாட்டியிருக்கு. அவரு முதுகுக்குப் பின்னால எருமையைக் கொண்டாந்து நிறுத்தப் போறியளா? எமன் வாகனம்லா அது."

பூமாரி கணவன் பக்கம் திரும்பினாள். "மாமா போயி ஆறு வருசம் ஆவுது. இனிமே எமன் வந்து எதைக் கொண்டு போவப் போறாராம்னு கேளுங்க."

செல்லப்பா கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் கேட்டுவிட்டது. ராஜதுரை எழுந்து உள்ளே போய்விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் பலகைகளைப் பரணில் போட்டிருப்பார்கள். அனுகூட, கட்டிலுக்கு அடியில் கொஞ்ச நாள் வையம்மா, பெரியப்பா மனசு மாறட்டும் என்று ஃபோனில் சொன்னாள். படுத்துக் கிடக்கிற எருமையை வாங்கவில்லை, நிற்கிற எருமையைத்தான் வாங்கினேன் என்று பூமாரி ஃபோனை வைத்துவிட்டாள். அன்று முதல் வேலை முடிந்து வந்ததும் வெறுஞ்சுவருக்கு எதிரே உட்கார்ந்து அதையே பார்ப்பாள். ஒன்பதாம் நாள் எழுந்து, டேப்பை எடுத்துச் சுவரை அளக்காமல், வாசல் சுவருக்கும் அடுப்படிச் சுவருக்கும் இடையிலான தூரத்தை அளந்தாள். அந்த இரண்டும் அவளுக்கே சொந்தமான சுவர்கள். பன்னிரண்டு அடி.

செல்லப்பா பட்டறையிலிருந்து ஓர் இரும்புக் குழாய் கொண்டுவந்தார். கூரைக்குக் கொஞ்சம் கீழே, பொதுச்சுவரை ஒட்டினாற்போல், ஆனால் அதைத் தொடாமல், குழாயின் ஒரு முனை வாசல் சுவரிலும் மறுமுனை அடுப்படிச் சுவரிலும் நின்றது. ஸ்கேட்போர்டுப் பலகையில் சக்கரம் மாட்டுவதற்கென்று இரண்டு முனைப் பக்கமும் நான்கு நான்கு துளை உண்டு. மேல் துளைகளில் தறிக்கயிற்றைக் கோத்து, மூன்றையும் குழாயிலிருந்து தொங்கவிட்டாள். கயிறு இழுபட இழுபட ஒரு பலகை இறங்கும், எருமையின் முதுகு ஒடியும். அவிழ்த்துக் கட்டினாள். இன்னொன்று இறங்கும், வால் வேறு மாட்டு வாலாகும். மறுபடி அவிழ்த்துக் கட்டினாள். ஒரு வாரம் இதே வேலை. கடைசியில் முடிச்சுகளே பயந்துபோய் அசையாமல் நின்றன. சுவரில் ஓர் ஊசி நுழையவில்லை. ராஜதுரை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார், குழாயின் இரண்டு முனையையும் பார்த்தார், திரும்பிப் போனார்.

ஆடி பிறந்தது. எங்கள் ஊர்க் காற்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மலைப் பக்கத்திலிருந்து கிளம்பி வரும். இந்த வருஷம் மலையடிவாரத்துச் சிவகிரியில் காயப்போட்ட வேட்டி ஒன்று எங்கள் தெரு மின்கம்பத்தில் வந்து மாட்டிக்கொண்டது. நல்ல கரைவேட்டி, கேட்டு யாரும் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ராஜதுரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுவரில் டொக் என்றது. கொஞ்சம் பொறுத்து டொக், டொக் என்றது. பூமாரி ஆணி அடிக்கத் தொடங்கிவிட்டாள் என்று, பத்திர நகலைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார். தம்பி வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். திரும்ப உள்ளே வந்தார். சரியாக அப்பா படத்துக்குப் பின்னாலிருந்து மறுபடி டொக். படம் லேசாக அதிர்ந்தது. அவர் மனைவி தங்கத்தாய், மாமா என்னவோ கேட்கிறார் போலிருக்கிறது என்று சொல்லிச் சூடம் கொளுத்தப் போய்விட்டாள்.

வந்தது மாமா இல்லை, காற்றுதான். அந்தப் பலகைகளின் முனைகள் சுவர்ப் பக்கம் வளைந்தவை. ஜன்னல் வழியே காற்று வரும்போதெல்லாம் கீழ்முனை போய்ச் சுவரைத் தட்டிவிட்டு வந்தது.

சாயங்காலம் ராஜதுரை தம்பியைக் கூப்பிட்டு, பலகைகளை இறக்கச் சொன்னார். இல்லையென்றால் பின்னால் துணி வைத்துக் கட்டு என்றார். துணி வைத்தால் ஒரு பலகை முன்னே துருத்தும், வெளிச்சம் மாறி விழும், முதுகு சேராது என்று பூமாரியிடமிருந்து பதில் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது.

"ஆணிக்குத்தான பத்திரம் எழுதியிருக்காக. காத்துக்கு எழுதலையேன்னு சொல்லுங்க."

மூன்று நாள் டொக், டொக். செல்லப்பா நினைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் அடக்கியிருக்கலாம். தறி அதிராமல் இருக்க அடியில் வைக்கிற ரப்பர்த் துண்டுகள் மூன்று, அந்த மூன்று நாளும் அவர் சட்டைப் பையில்தான் கிடந்தன. நான் பையைத் தொட்டுக் காட்டி என்ன இது என்றேன். "இருக்கட்டும் ஆச்சி" என்றார் அந்தத் தபால்பெட்டி. அண்ணனும் மனைவியும் சொல்லச் சொல்லச் சுமந்தவர், தன் பங்குக்குச் சொன்னது அவ்வளவுதான்.

நான்காம் நாள் ஞாயிறு. ஆடித் தபசுத் திருவிழா நெருங்கிவிட்டது. ராயகிரியிலிருந்தும் கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் ராஜதுரை வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்து தங்குவார்கள். சுவர் தட்டினால் ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அன்று காலை அவரே தம்பி வீட்டுக்குள் வந்தார். சுவர் எழுப்பியதிலிருந்து வாசலைத் தாண்டாதவர். நான் அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

எருமையின் முன்னால் போய் நின்றார். முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பூமாரி அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் இன்று கண்டிப்பாகக் கூடாது என்றுவிட்டால், வருஷாவருஷம் ஆடியில் இதே சண்டைதான். அது அவளுக்கும் தெரியும்.

"முதுகுல கொக்குல்லா உக்காந்திருக்கு" என்றார் ராஜதுரை, யாரையும் பார்க்காமல். "அப்பம் எமனுக்கு எடம் இல்லையே."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் கெட்டுப்போகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் வீட்டுக்குப் போய், துளைபோடும் மெஷினுடன் திரும்பி வந்தார். தம்பியிடம் கொடுக்கவில்லை. தன் பாதிச் சுவரை இன்னொருவர் துளைப்பதை அவரால் பொறுக்க முடியாதோ என்னவோ, தானே ஸ்டூலில் ஏறினார்.

பூமாரி முதல் பலகையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். ஒரு நூல் அளவு இறக்கச் சொல்லுங்கள் என்று கணவனிடம் சொன்னாள். மெஷின் சத்தத்தில் செல்லப்பாவுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. மெஷின் அதற்குள் சுவரைத் தொட்டுவிட்டது.

"அத்தான், ஒரு நூல் கீழ" என்றாள் பூமாரி, சத்தமாக.

ராஜதுரை மெஷினை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு நூல் கீழே இறக்கி வைத்து, "இங்கனயா?" என்றார்.

"இன்னும் அரை நூல்."

மூன்று பலகை, பன்னிரண்டு துளை. வெள்ளைத் தூசி அவர் மீசையில் படிந்து வயதைப் பத்து கூட்டியது. மத்தியானம் ஆகிவிட்டது. கடைசித் திருகையும் முடுக்கிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தங்கத்தாய் சாப்பிட வரச்சொல்லி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

பூமாரி வாசல்வரை பின்னால் போய் நின்றுகொண்டாள். கண்ணை இடுக்கி, வாலிலிருந்து கொம்புவரை ஒரு முறை போனாள், கொம்பிலிருந்து வாலுக்கு ஒரு முறை வந்தாள்.

"அத்தான்" என்றாள். "நடுவுல உள்ளதை மட்டும் கழத்துங்க. கொக்கு காலு ஒரு மயிரளவு தூக்கியிருக்கு."

ராஜதுரை தம்பி முகத்தைப் பார்த்தார். செல்லப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், நான் காலி டம்ளருக்குள் பார்த்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் மறுபடி ஸ்டூலில் ஏறினார்.