பெரிஸ் ஏரியில் படையலுக்கு ஒரு செபராவ்

மார்ச் முதல் வாரம், தொழிற்சாலையில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, ஃப்ளை தூண்டிலோடு எங்கள் கெடா மாநிலத்தின் செடிம் ஆற்றுக்கும் பெரிஸ் ஏரிக்கும் போய்வந்தேன். இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நான் மீனைப் பிடித்துவிட்டு உடனே தண்ணீரில் விடுகிற ஆள் என்பது தெரியும். இந்த முறை மட்டும் ஒரு மீனைக் கொன்று வீட்டுக்குக் கொண்டுவரத்தான் போனேன்.

என் மனைவி கலா போன வருடம் மார்ச்சில் காலமானாள். லீவின் இரண்டாம் நாள் சாயங்காலம் அவளுக்கு வருஷத் திதி. எங்கள் வீட்டு வழக்கத்தில் இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து வாழையிலையில் படைக்க வேண்டும். கலாவுக்குப் பிடித்தது புளி கரைத்து, இஞ்சி வாசம் வீசும் காந்தான் பூவைக் கிள்ளிப் போட்ட ஆற்று மீன் குழம்பு. அவளே பசாரில் வாங்கிச் சமைத்துக்கொள்வாள். பதினோரு வருடமாக நான் தூண்டிலோடு போய் வெறுங்கையோடு வருவதைப் பார்த்து, "இவரு மீனுக்கு நலம் விசாரிக்கப் போறாரு" என்று பக்கத்து வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். சிங்கப்பூரில் இருக்கும் மகனால் வர முடியவில்லை, மருமகளுக்கு இது பிரசவ மாதம். கேட்டரிங்கில் சொல்லிவிடுங்கள் அப்பா என்றான். மீதியை எல்லாம் சொல்லிக்கொள்ளலாம், மீன் மட்டும் என் கையால் பிடித்ததாக இருக்கட்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

ஃப்ளை தூண்டிலில் புழுவோ இரையோ கிடையாது. இறகும் நூலும் சுற்றிய கொக்கியைக் கனமான லைனின் வீச்சிலேயே தண்ணீருக்கு அனுப்ப வேண்டும். குளிர் நாடுகளில் பனி உருகும் வசந்தத்தில் ட்ராவுட் மீன் தேடிப் போவார்கள். கெடாவில் பனியும் இல்லை, ட்ராவுட்டும் இல்லை. ரப்பர் மரம் இலையைக் கொட்டிவிட்டுத் துளிர்விடுகிற பிப்ரவரி, மார்ச்தான் நம்முடைய வசந்தம். மழை ஓய்ந்து ஆறு தெளிந்திருக்கும். மலை ஆற்றில் தெங்காஸ் மீன், ஏரியில் செபராவ் மீன். இரண்டும் ஃப்ளைக்கு வரும்.

காலை ஐந்தரைக்கு மெர்போக்கிலிருந்து கிளம்பினேன். செடிம் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். வழியில் காராங்கானில் ஒரு கடையில் ரொட்டி சானாய் இரண்டு, நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று, ஐந்து வெள்ளி (ரிங்கிட்). கடைக்கார அக்கா தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். தண்ணீர் பக்கம் தனியாகப் போகக்கூடாது என்று கண்டித்துவிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். ஒரு வருடமாக என்னை யாரும் கண்டித்ததில்லை. அந்த சாம்பாரை மெதுவாகத்தான் சாப்பிட்டேன்.

செடிமில் மக்கள் குளிக்க வரும் பொழுதுபோக்கு இடத்துக்கு மேலே, பாறைகள் தொடங்கும் பக்கம் நடந்தால் கூட்டம் இருக்காது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, பாறைக்குப் பின்னால் நீர் அடங்குகிற இடங்களாகப் பார்த்து வீசினேன். காலை முழுக்க விரல் நீள மீன்கள்தான். பதினொரு மணி வாக்கில் ஒரு தெங்காஸ் இழுத்தது. ஒரு கிலோவுக்குக் குறையாது. பொறுமையாகக் கரைக்குக் கொண்டுவந்து, கையை நனைத்துக்கொண்டு கொக்கியைக் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்தேன். செவுள் நன்றாக அசைந்தது. கையைத் திறந்தேன். அது போய்விட்டது.

அது போன பிறகுதான் எதற்கு வந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. ஐஸ் பெட்டி பின்னால் பாறை மேல் மூடி திறந்தபடி கிடந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். அதற்குப் பிறகு மூன்று மணி வரைக்கும் உருப்படியாக ஒரு மீன்கூடத் தொடவில்லை.

செடிமிலிருந்து சிக் பட்டணத்துக்கு உள்சாலை வழியாக ஒன்றரை மணி நேரம் ஆனது. வழியெல்லாம் ரப்பர் காடு, பாதி மொட்டை, பாதி இளந்துளிர். ஹோம்ஸ்டே தொண்ணூறு வெள்ளி, அறையில் இரண்டு கட்டில். இரண்டாவது கட்டில் காலியாகக் கிடப்பது கண்ணை உறுத்தியதால் தூண்டில் பையை அதன் மேல் வைத்தேன். ஃப்ளை தூண்டில்காரனுக்குத் தனிமை பிடிக்கும் என்று இங்கே எத்தனையோ முறை பெருமையாக எழுதியிருக்கிறேன். திரும்பிப் போனால் கதை கேட்க வீட்டில் ஓர் ஆள் இருந்தபோது பிடித்த தனிமை அது. இப்போது இருப்பது வேறு. எனக்கு இது பிடிக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏரிக்கரை. படகு அரை நாளுக்கு நூற்றிருபது வெள்ளி. படகோட்டி குணா முப்பது வயதுக்காரர். மற்ற மாதங்களில் ரப்பர் பால் வெட்டுகிறார், இலை உதிர் காலத்தில் வெட்டு இல்லாததால் படகுக்கு வந்துவிடுகிறார். முன்பு இரண்டு முறை அவரோடு போயிருக்கிறேன். கெட்டிக்காரர், வாய் மட்டும் ஓயாது. பினாங்கிலிருந்து வந்த யாரோ தொப்பியை ஏரியில் விட்ட கதையைப் பாதி ஏரி வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

மூழ்கி நிற்கும் பட்ட மரங்களுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தினார். வெள்ளை முடியில் கட்டிய, சின்ன மீன் போலத் தெரியும் ஃப்ளையை மரத்தின் காலடியில் விழும்படி வீசி, விட்டு விட்டு இழுத்தேன். ஒன்பது மணி ஆகியும் ஒன்றுமில்லை. திரும்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வழியில் பசாரில் நிறுத்தி வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்துவிட்டேன். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் லைன் வெட்டி இழுத்தது. செபராவ் ஒருமுறை மேலே வந்து விலாவின் கறுப்புப் பட்டையைக் காட்டிவிட்டு மரத்துக்கு அடியில் பாயப் பார்த்தது. விடவில்லை. குணா வலையில் ஏந்தி, என் வழக்கம் தெரிந்தவராயிற்றே, அதே கையோடு கொக்கியைக் கழற்றி மீனைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோனார்.

"விடாதீங்க தம்பி."

"போட்டோவா அண்ணே? சீக்கிரம் எடுங்க, பாவம் லா."

"இல்ல. வீட்டுக்கு. சம்சாரத்துக்குப் படைக்கணும், இன்னைக்கு வருஷத் திதி."

குணா மீனை வலையோடு என் மடியில் வைத்தார். "அக்கா போயிட்டாங்கன்னு எனக்குத் தெரியாது அண்ணே," என்று மட்டும் சொன்னார். தானே அடித்துத் தருவதாகக் கை நீட்டினார். வேண்டாம் என்றேன். இடுக்கியின் பிடியால் தலையில் ஓங்கி ஒரே அடி. அடி சரியாக விழுந்தது. பதினோரு வருடத்தில் நான் கொன்ற முதல் மீன். குணா படகை நேராகக் கரைக்குத் திருப்பினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆறாம் எண் தூண்டில் கோல் ஆற்றுக்கும் ஏரிக்கும் போதும். சில ஆற்றுப் பகுதிகளில் கம்பத்துக்காரர்கள் (கிராமத்து ஆட்கள்) மீன்பிடிக்கத் தடை வைத்திருப்பார்கள், கடையில் விசாரித்துவிட்டு இறங்குங்கள். மலையில் மழை கறுத்தால் ஆற்றைவிட்டு உடனே ஏறிவிடுங்கள், தண்ணீர் சொல்லாமல் வரும். படகுக்கு முதல் நாளே பேசிவையுங்கள். செபராவ் முள் அதிகம், சமைப்பதாக இருந்தால் நெருக்கமாகக் கீறிவிட்டுக் குழம்பில் போடுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

இரண்டு மணிக்கெல்லாம் மெர்போக் வந்துவிட்டேன். குழம்பை நானே வைத்தேன். உப்பு ஒரு கல் கூடுதல்தான், கலாவாக இருந்தால் சொல்லிக் காட்டியிருப்பாள். சாயங்காலம் அவள் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறும் கேட்டரிங்கில் வந்த கறிகளும் வைத்து, நடுவில் மீனை வைத்தேன். சூடம் காட்டிவிட்டு, எல்லா வீடுகளிலும் செய்வதுபோல, இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். மற்றவர்கள் வீட்டில் அந்த நேரம் வாசலில் சொந்தக்காரர்கள் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன்.

கதவைத் திறப்பதற்கு முன் தட்ட வேண்டும். சாப்பிடுகிறவர் திடுக்கிடக் கூடாதாம். மூன்று முறை தட்டினேன். சாவி என் கையில்தான் இருந்தது. ஆனாலும் உள்ளேயிருந்து வந்து திறக்கட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.