குறடம்மாவின் ரௌட்டர்

தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த அந்த அம்மாளுக்கு, உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் குறடம்மா. எந்நேரமும் கையில் குறடு இருந்ததால் அந்தப் பெயர் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். நாக்கைப் பார்த்து வைத்த பெயர் என்பது அவருக்கும் தெரியும். பதினாறாயிரம் இணைப்புகள் ஓடும் அறையில் எங்கோ ஒரு வயர் அறுந்தால், மோப்பம் பிடித்தவர் போல நேராக அங்கே போய் நிற்பார். பின்னால் கூட்டமாக நிற்கும் அதிகாரிகளிடம், "கோட்டு போட்டவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்பார். அவர் ஓய்வு பெற்ற அன்று வாழ்த்திப் பேச வந்த பெரிய அதிகாரி, முன்வரிசையில் இருந்த அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டே நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தது ஒரு வாய்ப்பந்தல் மாப்பிள்ளை. போதாக்குறைக்கு வீட்டோடு மாப்பிள்ளை.

மகள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் இருந்தாள். காலை ஏழரைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் தலையைக் காட்டுவாள். மாப்பிள்ளை மென்பொருள் கம்பெனி ஒன்றில் மேனேஜர். வீட்டிலிருந்தே வேலை. முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு காலை பத்துக்குப் பேச ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயமாட்டார். "ஒரு பேங்க்கோட மொத்தக் கணக்கையும் கிளவுடுக்கு ஏத்தினவன் அத்தை நான்" என்பார். குளியலறை பல்பு போனால் மட்டும் மாற்றுவதற்கு ஆளைக் கூப்பிடுவார்.

"அப்படிங்களா மாப்பிள்ளை" என்பார் குறடம்மா. மரியாதை குறையாது. ஆனால், மேகத்துக்கு ஏறத் தெரிந்தவருக்கு ஸ்டூல் மேல் ஏறத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் ஓடும்.

மூன்று மாதமாக வீட்டில் ஒரே புலம்பல், நெட் சரியில்லை என்று. லைன் கம்பெனி கொடுத்த ரௌட்டர் நாளுக்கு நாலு முறை உயிரை விட்டது உண்மைதான். ஆனால் மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் அதன் தலையையே உருட்டினார். பதவி உயர்வு தள்ளிப்போனது நெட்டால். முகம் வாடியிருப்பது நெட்டால். மகள் கேட்டபோதெல்லாம், "மீட்டிங்ல என் குரலே போய்ச் சேர மாட்டேங்குது, அப்புறம் எப்படி வேலை நடக்கும்?" என்பார். எட்டுக் கொம்பு வைத்த புது டப்பா ஒன்றை வாங்கி வந்து பழைய ரௌட்டரோடு சேர்த்து மாட்டினார். மல்லாந்து கிடக்கும் கரப்பான்பூச்சி போலிருந்த அதையும் மூன்றாம் நாளே குறை சொன்னார். "இந்தத் தெருவே சரியில்ல அத்தை."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குறடம்மாவுக்குப் பொறுமை போயிற்று. கட்டிலுக்கு அடியில் மகளின் கல்லூரிக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. அதை இழுத்து வெளியே போட்டார்.

"இதையே ரௌட்டராக்கிடலாம் மாப்பிள்ளை. இதுக்கு இருக்கிற மூளையில கால்வாசி கூட அந்த டப்பாவுக்கு இல்ல."

மாப்பிள்ளை முதலில் சிரித்தார். பிறகு ஏனோ சிரிப்பு நின்றது. "வேண்டாம் அத்தை. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? இருக்கிறதே போதும்."

நேற்றுவரை போதாதென்று மூக்கைச் சிந்தியவர் இன்று போதும் என்கிறாரே என்று குறடம்மா அப்போது யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. தன் கைவேலையை இளக்காரம் செய்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டார். அந்த ரோஷத்திலேயே வேலையை ஆரம்பித்தார்.

பெட்டியைத் திறந்ததும் தூசி ஒரு தலையணை அளவுக்கு வந்தது. வெளியிலிருந்து வரும் வயருக்கு ஒரு வாய், வீட்டுக்குள் போகும் வயருக்கு ஒரு வாய் என்று இரண்டு வேண்டும், இருந்தது ஒன்றுதான். பழுது பார்க்கும் கடையில் இன்னொரு நெட்வொர்க் கார்டு வாங்கிச் செருகினார். ரௌட்டர் வேலைக்கென்றே இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைப் பென்டிரைவில் இறக்கி, பழையதை அழித்துவிட்டு ஏற்றினார். எல்லாம் சரியாக இருந்தும் நெட் வரவில்லை. லைன் கம்பெனிக்குப் பழைய டப்பாவின் அடையாள எண் மட்டுமே தெரியும், புது முகத்தை வாசலிலேயே நிறுத்துகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பகல் முழுக்கப் போயிற்று. அதே எண்ணைக் கம்ப்யூட்டருக்கும் கொடுத்தார். கதவு திறந்தது. எட்டுக் கொம்பனிடமிருந்து வழி பார்த்து அனுப்பும் பொறுப்பைப் பிடுங்கிவிட்டு, வைஃபை பரப்பும் எடுபிடி வேலையை மட்டும் கொடுத்தார்.

நெட் பறந்தது. மகள் அன்று சாயங்காலம் ஒரு படத்தை ஒரு இடத்திலும் நிற்காமல் பார்த்து முடித்தாள். "அம்மா, நீ கில்லாடிம்மா!"

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்த மாப்பிள்ளை உச்சுக் கொட்டினார். "இன்னிக்கும் கட்டாச்சு அத்தை. கிளையண்ட் கோவிச்சுக்கிட்டான்."

குறடம்மா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். தான் போட்ட லைனில் கட்டா?

அடுத்த நாள் பதினொரு மணிக்கு முன்னறையில் குரல் முழங்கிக்கொண்டிருந்தது. குறடம்மா கூடத்தில் உட்கார்ந்து, தன் போனில் ரௌட்டரின் கணக்குப் பக்கத்தைத் திறந்தார். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கோடு. பேச்சோ படமோ ஓடினால் கோடு துள்ளும். மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் கோடு படுத்த படுக்கையாகக் கிடந்தது. தன் வேலையில்தான் கோளாறு என்று வயரைப் பார்த்தார், அமைப்புகளைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்கு. மாப்பிள்ளையின் போனோ எதிரிலேயே சார்ஜில் கிடந்தது.

எழுந்து போய், வெளியிலிருந்து வரும் வயரைப் பிடுங்கினார்.

கால் மணி நேரம் ஆகியும் உள்ளே பேச்சு நிற்கவில்லை. "எஸ், எஸ், நாலாவது ஸ்லைடுக்குப் போங்க" என்றது. யாரோ ஜோக் சொன்னதுபோலச் சிரிக்கவும் செய்தது. அந்தச் சிரிப்பைத்தான் குறடம்மாவால் தாங்க முடியவில்லை. செத்த லைனைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் மனிதனை அவர் இருபத்தெட்டு வருடத்தில் பார்த்ததில்லை.

கதவைத் தட்டாமல் திறந்தார்.

"மாப்பிள்ளை, கால் மணி நேரமா வயர் என் கையில இருக்கு."

மாப்பிள்ளை காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். திரையில் வேலை தேடும் விண்ணப்பம் ஒன்று பாதியில் நின்றது.

"வேலை போய் மூணு மாசமாச்சு அத்தை."

"யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. குரல் கேக்கலன்னா உங்களுக்குச் சந்தேகம் வருமே."

நெட் ஏன் சரியாகக்கூடாது என்பது இப்போது விளங்கியது. பழுதான டப்பாதான் இத்தனை நாளும் அவருக்குக் குடை பிடித்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் பரவாயில்லை, இவர் சத்தம் போட்டு மறைத்திருக்கிறார். ஆத்திரத்தில் பாதி குறடம்மாவுக்குத் தன் மேலேயே வந்தது. பதினாறாயிரம் லைனில் பழுது கண்டுபிடித்தவள், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பழுதை மூன்று மாதம் காதால் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"வேலை போறது கேவலமில்ல. எங்க நிலையத்துல ஒரே நாள்ல நாப்பது பேரை அனுப்பினாங்க. அதுல ஒருத்தர்கூட வீட்டுல உக்காந்து ஹலோ ஹலோன்னு கத்தல."

"அவகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்களேன்."

"நான் எதுக்கு? பொய் சொல்றப்ப என்னைக் கேட்டீங்களா? ஆறு மணிக்கு அவ வருவா. நான் கடைக்குப் போறேன். திரும்பி வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருக்கணும்."

மாப்பிள்ளை சொல்லிவிட்டார். மகள் நாலு நாள் அவரோடு பேசவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னாள்: "வேலை போனதுக்கு இல்லம்மா. தினம் மத்தியானம் போன் பண்ணி, மீட்டிங் எப்படிப் போச்சுன்னு கேட்டேன். தினம் ஒரு கதை சொன்னாரு." குறடம்மாவுக்குச் சமாதானம் சொல்ல வராது. மகள் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டார்.

முன்னறைக் கதவு அதற்குப் பிறகு திறந்தே கிடந்தது. ஐந்து வாரம் கழித்து ஒரு சரக்குக் கிடங்கின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்தது. பழையதைவிடச் சின்ன வேலை. தினமும் பஸ் ஏறிப் போகவேண்டும். ஒரே மாதத்தில் மாப்பிள்ளையின் பேச்சில் அந்தக் கிடங்கு கண்டம் விட்டுக் கண்டம் தாண்டிவிட்டது. பிறவிக் குணம் பொங்கலிட்டாலும் போகுமா?

மாப்பிள்ளையின் அண்ணன் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்து என்னவென்று கேட்டார்.

"பழைய கம்ப்யூட்டரை நான்தாண்ணே ரௌட்டரா மாத்தினேன். அத்தை கொஞ்சம் ஹெல்ப் பண்ணாங்க."

மகள் சட்டென்று அம்மாவைப் பார்த்தாள்.

"ஆமாங்க, நான் டார்ச் பிடிச்சேன்" என்றார் குறடம்மா. "உங்க வீட்டுலயும் பழசு ஏதாவது கிடக்குதுங்களா? ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை சும்மாதான் இருப்பாரு. வந்து செஞ்சு குடுப்பாரு."

அண்ணனுக்கு ஏக சந்தோஷம். மாப்பிள்ளை தண்ணீர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆரம்பித்துப் பதினொரு முறை போன் அடித்தது. குறடம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, பன்னிரண்டாவது அழைப்பை எடுத்தார்.

"அத்தை," அண்ணன் வீட்டிலிருந்து மாப்பிள்ளையின் ரகசியக் குரல். "திரையில, 'கீபோர்டைக் காணோம், தொடரணும்னா ஒரு கீயை அழுத்து'ன்னு வருது. கீபோர்டே இல்லாம எதை அழுத்துறது?"

குறடம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். துண்டை எடுத்துத் தலையை நிதானமாகத் துவட்ட ஆரம்பித்தார்.