உடனே மறுபடி அளந்தால்

எங்கள் தெருமுனையில் மருந்துக்கடைக்கு எதிரே மின்கம்பத்தில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அதில் "குவாண்டம்" என்ற சொல்லுக்கு மட்டும் ஊதா நிறம். "ஊசி இல்லை, ரத்தம் இல்லை, ஒரே நிமிடத்தில் முழு உடல் பரிசோதனை" என்று கீழே எழுதியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் பேனர் இல்லாத மின்கம்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் நான் நின்று கோபப்படவில்லை. அந்தச் சொல் கண்ணில் படும் இடங்களை மனதுக்குள் வரிசையாகச் சேர்த்துவைப்பது என் வழக்கம். நினைவாற்றல் வகுப்பு, கழுத்தில் தொங்கவிடும் வில்லை, தண்ணீர் பாட்டில், மெத்தை. கடைசியில் பேனரையும் சேர்த்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டேன்.

ஒரு நாள் காலை நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்து வந்தபோது அம்மா காபி குடித்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன என்று கேட்கலாம். அம்மாவுக்குத் தைராய்டு குறைவு. எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு, காபிக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியதால் அடுப்பையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பல வருடங்களாக எங்கள் வீட்டில் காலை விடிவதே அந்த எரிச்சலில்தான்.

"மாத்திரை போட்டியாம்மா?"

"நிறுத்திட்டேன்டி. போன மாசமே."

"யாரு சொன்னா? டாக்டரா?"

"டாக்டர் என்ன, உன் சப்ஜெக்ட்தான் சொல்லுச்சு."

அம்மா ஒரு அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். அவளுடன் வேலை பார்த்து, இப்போது காலை நடைக்குத் துணையாக வரும் ஒரு ஆன்ட்டி இருக்கிறார். அவர்தான் அழைத்துப் போயிருக்கிறார். ஒரு கல்யாண மண்டபத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஆள், அம்மாவின் கையில் ஒரு உலோகக் குச்சியைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாராம். ஒரு நிமிடம். பிரிண்டரிலிருந்து கத்தையாகக் காகிதம் வந்தது. தைராய்டு இயல்பு என்று அதில் இருந்தது. காலையில் வெந்நீரில் கலந்து குடிக்க ஒரு பொடியும் கொடுத்தார்களாம்.

நான் என்ன செய்கிறேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். திருச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில், ஒளியை ஒவ்வொரு துகளாக அனுப்பி அளக்கும் வேலை. இருட்டறையில் கண்ணாடிகளை மயிரிழை அளவு திருப்பிக்கொண்டே இருப்பேன். ஒளித்துகள் வந்து விழுந்தால் கருவியில் ஒரு துடிப்பு வரும். சிக்கல் என்னவென்றால், ஒன்றுமே வராதபோதும் கருவி சில சமயம் துடிக்கும். எது ஒளி, எது கருவியின் பிதற்றல் என்று பிரித்துக் காட்டாமல் ஒரு வரி எழுத என் வழிகாட்டி விடமாட்டார். ஒரு பத்திக்காக ஒரு வருடம் போயிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அளப்பது என்றால் அப்படித்தான். ஆனால் அதே சொல்லை ஊதா நிறத்தில் எழுதிக்கொண்டு ஒருவர் என் அம்மாவை ஒரு நிமிடத்தில் அளந்துவிட்டார்.

அம்மாவின் முகம் லேசாக வீங்கியிருந்தது. குரல் தடித்திருந்தது. சளி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாலையானால் நாற்காலியிலேயே தூங்கிவிடுவாள். நானும் வயது என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ரத்தம் பாக்கலாம்மா" என்றேன்.

"எதுக்கு? அதான் பாத்தாச்சே. நீயும் வந்து பாரு, அப்புறம் பேசு."

சனிக்கிழமை போனோம். ஆன்ட்டியும் வந்தார். சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டதாக மண்டப வாசலிலேயே பெருமையாகச் சொன்னார். மண்டபத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மேஜைக்குப் பின்னால் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். முரடனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"வாங்கம்மா, உக்காருங்க. வயசு, எடை, உயரம் சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்குங்க? மெஷினுக்கே தெரியாதா?" என்றேன்.

"சும்மா ஃபார்மாலிட்டி, மேடம்."

அம்மா குச்சியைப் பிடித்தாள். திரையில் ஈரலும் இதயமும் சுழன்றன. தைராய்டு இயல்பு என்று வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள்.

"நல்லதுங்க. அம்மா எழுந்திருக்க வேண்டாம், குச்சிய விட வேண்டாம். இப்பவே இன்னொரு தடவ எடுங்க" என்றேன் அவரிடம்.

அவருக்கு விருப்பமில்லை. ஆனால் நான் கேட்ட தொனி மரியாதையாகத்தான் இருந்தது. மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. மறுபடி ஈரல், இதயம். இம்முறை தைராய்டு லேசான குறைபாடு. முதல் தடவை கவனம் தேவை என்றிருந்த எலும்பு, இந்த ஒரு நிமிடத்தில் சிறப்பாக ஆகிவிட்டிருந்தது.

அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "குவாண்டம்ல அப்படித்தான் மேடம். ஒவ்வொரு தடவ அளக்கும்போதும் மாறும். அதான் அதோட ஸ்பெஷாலிட்டியே."

நாற்காலிகளில் தலைகள் அசைந்தன. அம்மாவின் தலையும் அசைந்தது. "நீயும் இதத்தானடி சொன்ன? அளந்தா மாறிடும்னு?"

சொன்னேன். ஆய்வில் சேர்ந்த புதிதில், சமையலறையில் நின்று சொன்னேன். அளப்பதற்கு முன் விடை இன்னதென்று முடிவாகியிருக்காது, அளக்கும்போதுதான் ஒன்று வரும் என்று. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. ஒரு திசை ஒளியை மட்டும் விடும் தகடு இருக்கிறது. ஓர் ஒளித்துகள் அதைத் தாண்டுமா தாண்டாதா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போகலாம். தாண்டிவிட்டால், அதே திசையில் வைத்த அடுத்த தகட்டையும் அது தாண்டியே தீரும். வந்த விடை நிற்கும். உடனே மறுபடி அளந்தால் அதேதான் வரும். நடுவில் வேறெதையாவது அளந்து கெடுத்தால்தான் மாறும். இதையும் அன்றைக்கே சொன்னேன். முதல் பாதி ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. இரண்டாம் பாதியை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை.

"அது பாதிதாம்மா" என்று ஆரம்பித்து மேஜைக்காரரிடம் திரும்பினேன். "உடனே திரும்ப அளந்தா அதே விடை வரணும்ங்க. குவாண்டத்துல அதான் அடிப்படை. மாறுதுன்னா, உங்க மெஷின் எதையுமே அளக்கலன்னு அர்த்தம்."

"நீங்க தியரி படிச்சிருப்பீங்க மேடம்" என்றார் அவர், இரக்கத்தோடு. "இது அப்ளிகேஷன்."

பின்னால் ஒரு பெரியவர், "ஏம்மா, நாலு எழுத்து படிச்சிட்டு வந்து அந்தத் தம்பி பொழப்புல ஏன் கை வைக்கிற?" என்றார். "நாங்களும் வரிசைலதான இருக்கோம்" என்றது இன்னொரு குரல்.

ஆன்ட்டி என் தோளைத் தொட்டார். "விடு கண்ணு. நம்புனா பலிக்கும், நம்பாட்டி இல்ல."

"ஆன்ட்டி, நீங்க தெர்மாமீட்டர நம்புனாத்தான் அது காய்ச்சல் காட்டுதா?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். அம்மா எழுந்து பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

ஸ்கூட்டரில் அம்மா பின்னால் உட்கார்ந்து வந்தாள். "சபைல வெச்சு என் மானத்த வாங்கிட்ட" என்றாள் பாதி வழியில். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது, "ரத்தம் குடுக்கறேன்" என்றாள். "ஆனா ரெண்டு இடத்துல. திரும்ப அளந்தா அதே வரணும்னு அந்தத் தம்பிக்குச் சட்டம் பேசுனல்ல? உங்க லேப்புக்கும் அதே சட்டந்தான்."

கணக்குப் பிரிவுப் புத்தி. நியாயமான கோரிக்கை என்பதால் ஒத்துக்கொண்டேன். ஒரே காலையில் ஸ்ரீரங்கத்தில் ஓரிடம், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓரிடம். இரண்டு கையிலும் பஞ்சை அழுத்திக்கொண்டு, எதற்கோ பழிவாங்குகிறவள் போல வந்தாள்.

மாலையில் இரண்டு முடிவுகளும் வந்தன. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். எண்கள் கொஞ்சம் வேறுபட்டன.

"பாத்தியா. உன்னோடதும் மாறுதே."

அந்தக் கணம் மண்டபத்தில் வந்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அம்மாமேல் இல்லை. எந்தக் கருவிக்கும் சிறு ஆட்டம் உண்டு, இரண்டு இடத்துக் கருவிகள் அச்சாக ஒத்துப்போகாது, அந்த ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்து எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவைப்பதுதான் எங்கள் தொழிலின் பாதி. இதையெல்லாம் நான் சொல்லியாக வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக, எதையும் விடாமல். ஒன்றை விட்டாலும் நான் பொய் சொன்னதாகிவிடும். அந்த ஆளுக்கு அந்தக் கடமை எதுவும் கிடையாது. "அதான் ஸ்பெஷாலிட்டி" என்று அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது காரணத்துக்கு வந்தபோது அம்மா கையை உயர்த்தினாள்.

"சரி, சரி. கொஞ்சம் முன்னப்பின்ன. ரெண்டுமே இருக்க வேண்டியதுக்கு மேலதான?"

"ரொம்ப மேலம்மா. மருந்து நின்னா தைராய்டு குறையும், இந்த டி.எஸ்.எச். எண் ஏறும்."

மறுநாள் டாக்டரிடம் போனோம். அவர் காகிதத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏன் நிறுத்துனீங்க?" என்றார்.

"மறந்துட்டேன், டாக்டர்" என்றாள் அம்மா.

பழைய மாத்திரையையே தொடரச் சொல்லி, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார். வெளியே வந்ததும் அம்மா மருந்துக்கடைக்குப் போனாள். மாத்திரை அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "வீட்டுக்கு வேண்டாம். அக்கா வீட்டுக்கு விடு" என்றாள். ஆன்ட்டியைத்தான் அவள் அக்கா என்பாள்.

"நானும் வந்து சொல்றேன். சர்க்கரை மாத்திரையப் பாதியாக்கினது ரொம்ப..."

"நீ வா. ஆனா பேசாத. ரெண்டு ரிசல்ட்டும் எங்கிட்ட இருக்கு, நான் காட்டிக்கறேன். நீ தெர்மாமீட்டர்னு சொன்னதுல அவங்க இன்னும் கோவமா இருக்காங்க."

"நான் அடிப்படைய மட்டும்..."

"குவாண்டம்னு ஒரு வார்த்த உன் வாயிலேர்ந்து வந்துச்சு, அவங்க மறுபடி அந்த மண்டபத்துக்குத்தான் போவாங்க."

அம்மா சொன்னது சரிதான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சொல்லை ஒழுங்காகப் பயன்படுத்துவதற்காகவே நான் படித்தேன். இப்போது ஒருவர் மாத்திரையை விடாமல் போட வேண்டுமென்றால் நான் அதை உச்சரிக்கக் கூடாது. வண்டியைக் கிளப்பினேன். ஆன்ட்டி வீட்டு மணியை அம்மா அடித்தாள். கதவு திறக்கும்வரை அவள் பையிலிருந்து இரண்டு காகிதங்களையும் எடுத்து நீவிக்கொண்டிருந்தாள். நான் ஒரு படி கீழே, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.