தெமெத்ரியோ சிரித்த படம்

செனோவியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் எனக்கு மூன்றுக்கு மேல் வராது. உழைப்பாளி, சுத்தக்காரி, நன்றாகச் சமைப்பாள். நாலாவதைத் தேடும்போதே அவள் வாய் ஞாபகத்துக்கு வந்துவிடும். அசுவாவில் எங்கள் தெருவில் அந்த வாயில் விழாத ஆள் கிடையாது. அவள் மகளுக்கு ஞானத்தாயாக நின்றவள் நான். அதனால் முப்பது வருடமாக ஒருவரையொருவர் ‘கொமாத்ரே’ என்று கூப்பிட்டுக்கொள்கிறோம். அந்த உறவுக்காக எனக்குக் கொஞ்சம் குறைவாகத் திட்டு விழுந்தது, அவ்வளவுதான்.

அவளுக்குப் பிழைப்பு இஸ்திரி போடுவது. வங்கிக்காரர்களின் சட்டை, பாதிரியாரின் அங்கி எல்லாம் அவளிடம்தான் வரும். புருஷன் தெமெத்ரியோ உப்பு லாரி ஓட்டினார். வாரத்தில் இரண்டு நடை பராவோனா உப்பளத்துக்குப் போய் ஏற்றி வருவார். ஒரு ராத்திரி அங்கேயே தங்குவார். கேட்டால் லாரி சூடு ஆற வேண்டும் என்பார். திரும்பி வந்தால் வாசலிலேயே பூட்ஸையும் சட்டையையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அவள் தரையில் உப்பு உதிரக் கூடாது. அவர் எப்படிக் குறட்டை விடுகிறார், எடைபோடும் இடத்தில் எப்படி ஏமாந்து வருகிறார் என்பதையெல்லாம் அவரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே கடைத்தெருவில் சொல்லுவாள். மனுஷன் பதில் பேசமாட்டார். முகம் மட்டும் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே போயிற்று. தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் ‘புளிநாரத்தை’.

ஊர் அதற்குச் சொன்ன காரணம் ஒன்றுதான். அந்த ஆளைச் சிரிக்க விடாமல் அடித்தவள் செனோவியா. கஞ்சம் என்றாலும் வாயாடி என்றாலும் அவள் துடைத்துப் போட்டுவிடுவாள். இந்த ஒரு பேச்சு மட்டும் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

அதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிய பதில். ஒருநாள் துணி துவைக்கும்போது அவருடைய கால்சட்டையின் பின் பையிலிருந்து ஒரு புகைப்படம் விழுந்தது. கடற்கரை. தெமெத்ரியோ சட்டையில் மேலே இரண்டு பட்டன் திறந்து கிடக்க, தலையைப் பின்னுக்குத் தள்ளி, விழுந்த பல்லின் ஓட்டை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். உப்பளத்தில் வேலை செய்கிற ஒருத்தன் எடுத்தான் என்றார். ஒரு ராத்தல் வெங்காயத்துக்கு ரசீது கேட்கிறவள், இதற்கு மட்டும் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. வாசலுக்கு நேராக மாட்டிவிட்டாள். சட்டை கொடுக்க வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, சிரிக்கத் தெரியாதவர் என்று சொன்னவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்பாள்.

எங்களுக்கெல்லாம் தெரியும். என் புருஷனே பராவோனாவில் பார்த்திருக்கிறார். தெமெத்ரியோ பனியனோடு ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பொம்பளையோடு துவரை உரித்துக்கொண்டிருந்தாராம். இருபது வருடம் ஒருவரும் செனோவியாவிடம் சொல்லவில்லை. பாவம் பார்த்துச் சொல்லவில்லை என்றால் அது பொய். அவள் அந்தப் படத்தைக் காட்டிப் பெருமை பேசும்போது எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. இஸ்திரி போட்ட துணியை வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் வாயைப் பொத்திச் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

போன வருடம் பிப்ரவரியில் தெமெத்ரியோ லாரியின் இருக்கையிலேயே மாரடைத்துச் செத்துப்போனார். பெட்டிக்குள்ளும் அதே புளித்த முகம். ஒன்பதாம் நாள் ஜெபத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு எல்பிதியா, இனியாவது அந்த மனுஷனுக்கு நிம்மதி கிடைக்கட்டும் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். செனோவியா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்போதே முடிவு செய்துவிட்டாள். வருடப் பூசைக்கு ஊரே வரும். அன்றைக்கு வருகிற ஒவ்வொரு கையிலும் அந்தச் சிரிப்பு போட்ட நினைவு அட்டை இருக்க வேண்டும், பீடத்துக்குப் பக்கத்தில் அதே படம் ஆள் உயரத்துக்கு நிற்க வேண்டும். தன் வீட்டில் இருந்தவன் சந்தோஷமாக இருந்தான் என்று ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

கடைவீதிப் படக்கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அட்டை ஒன்றுக்கு நாற்பது பேசோ, இருநூறு அட்டை. பெரிய படத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. அவள் பேரமே பேசவில்லை, அதுவே எனக்கு அதிசயம். அங்கிருந்த பெண் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். ஊதா மையில் பராவோனா ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை, கீழே ஓர் எண், அனுமதி இல்லாமல் நகல் எடுக்கக் கூடாது என்று ஒரு வரி. போன வருடம் யாருடைய கல்யாணப் படத்தையோ பிரதி போட்டு அபராதம் கட்டினோம், எடுத்தவரிடமிருந்து கடிதம் வாங்கி வாருங்கள் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

“அது எம் புருஷன் மூஞ்சிடி. அதுக்கு நான் எவன்கிட்டப் போய் அனுமதி கேக்கணும்?” என்றாள் செனோவியா.

“மூஞ்சி உங்க வீட்டுக்காரரோடதும்மா. படம், எடுத்தவங்களோடது” என்றாள் அந்தப் பெண், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அந்த இடத்தில் நான் அவளைத் தடுத்திருக்கலாம். அடையாள அட்டைப் படமே போதும் கொமாத்ரே என்றிருக்கலாம். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்திக்கொண்டு அவளோடு பராவோனா பஸ்ஸில் ஏறினேன்.

ஸ்டுடியோக்காரர் தோன் பெர்சியோ, கிழவர். அனுமதிக் கடிதத்துக்கு மூவாயிரம் என்றார். செனோவியா உடுப்பின் கழுத்துக்குள் கைவிட்டுப் பணத்தை எடுத்தாள். பழைய பதிவேட்டைத் தேடுவதற்கென்று முதலில் ஐந்நூறை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அப்புறம் முத்திரையின் எண்ணைப் பார்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். ஃபிலிமைக் கழுவிக் கொடுத்தது மட்டும்தான் அவராம். எடுத்தது நுரிஸ் என்கிற அம்மா, கோயிலுக்குப் பின்தெரு, பச்சை வீடு. கேமராவைக் கழுத்தைவிட்டு இறக்காத பொம்பளை என்று சிரித்தார். ஐந்நூறைத் திருப்பித் தரவில்லை.

பின்தெரு வரைக்கும் செனோவியா எனக்கு முன்னால் விறுவிறுவென்று போனாள். அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கதவைத் திறந்தவளுக்கு அறுபது வயதிருக்கும். தடித்த உடம்பு, தலையில் சுருட்டை உருளைகள், கால் வீங்கியிருந்தது. அழகியாக இருந்திருந்தால் செனோவியாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எங்களைப் பார்த்ததும் யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, காப்பி வைக்கப் போனாள்.

சுவர் முழுக்கத் தெமெத்ரியோ. மாம்பழம் தின்கிற தெமெத்ரியோ, நாயைக் குளிப்பாட்டுகிற தெமெத்ரியோ, பூட்ஸோடு கட்டிலில் கிடக்கிற தெமெத்ரியோ. எல்லாவற்றிலும் சிரிப்பு. என் கொமாத்ரே இருபது வருடம் பூப்போலத் துடைத்து வைத்திருந்தது அதில் ஒன்று. நான் பத்து வரைக்கும் எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன்.

செனோவியா வந்த காரியத்தைச் சொன்னாள். எத்தனை பேசோ வேண்டும் என்று கேட்டாள். நுரிஸ் காகிதம் எடுத்துக் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

“காசு வேணாம்க்கா. படத்துக்கு அடியில எம் பேரு போடணும். பொடி எழுத்தாப் போட்டாப் போதும். சாவுக்கு நான் வர முடியல, இங்கயே உக்காந்து அழுதேன். எம் பேராவது பூசைக்கு வரட்டும்.”

செனோவியா சரி என்று தலையாட்டினாள். எழுந்து வந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அவள் கண் சுவரைவிட்டு நகரவில்லை.

“எப்படி அவரச் சிரிக்க வச்ச?”

நுரிஸ் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தாள். நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்த இரக்கம் இல்லையா, இல்லை இருபது வருடம் காத்திருந்து கிடைத்த நேரத்தை விட மனசில்லையா, எனக்குத் தெரியாது.

“கேமராவத் தூக்கினா மூஞ்சிய இறுக்கிக்குவாரு. நான் சும்மா, ‘அந்தா உம் பொண்டாட்டி வர்றா, சட்டை பட்டனப் போடு’ம்பேன். அவ்ளோதான்.”

“எல்லாப் படத்துக்குமா?”

“எல்லாத்துக்கும் அதேதான்க்கா. ஒரு தடவகூடச் சிரிக்காம இருந்ததில்ல.”

செனோவியா காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கோப்பையை எடுத்துப்போய்த் தானே கழுவிக் கவிழ்த்தாள். கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் பாதி தூரம் வந்ததும், உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். தெருவுக்கு? எல்லாருக்கும் என்றேன். எப்போதிலிருந்து என்றாள். நீ படத்தை மாட்டிய நாளிலிருந்து என்றேன். அவள் என்னை நாறத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அசுவா வருகிறவரை ஜன்னலுக்கு வெளியே ரோட்டோரம் கொட்டிக் கிடந்த தக்காளியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இனி அந்தப் படத்தை அடுப்பில் போடுவாள், அடையாள அட்டைப் படத்தோடு பூசை முடியும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே கடிதத்தோடு போய் நின்றிருக்கிறாள். இருநூறு அட்டை, ஒரு பெரிய படம், முழுப் பணம் கையில்.

வருடப் பூசையன்று கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் அவளே அட்டையைக் கொடுத்தாள். கறுப்பு உடுப்பு, ஒரு சுருக்கம் கிடையாது. எல்பிதியா அட்டையை வாங்கினாள். கண் நன்றாகத் தெரிகிறவள், வேண்டுமென்றே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியிலிருந்த பொடி எழுத்தை உரக்க வாசித்தாள். “படம், நுரிஸ் பெல்த்ரே, பராவோனா.” உள்ளே போனவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். யாரோ பின்னால் களுக்கென்றார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

“என்ன அழகாச் சிரிக்கிறாரு. யாரப் பாத்தும்மா இப்படிச் சிரிச்சாரு?” என்றாள் எல்பிதியா, தேன் ஒழுக.

“இவளப் பாத்துதான்” என்று செனோவியா அந்தப் பேரின் மேல் விரலை வைத்தாள். குரல் உயரவே இல்லை. “எம் பேரச் சொல்லிச் சிரிச்சாரு. நான் அவரச் சிரிக்க விடலன்னு முப்பது வருசமாச் சொல்றீங்க. நான் இல்லேன்னா அந்த மனுசனுக்குச் சிரிக்கறதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காதுடி.”

எல்பிதியா கண்ணாடியைக் கழற்றினாள். செனோவியா அடுத்த அட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினாள். முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.